மீகாமன் இராபர்ட் ஸ்மால்ஸ்

கப்பலுக்கு நடுக்கடலினும் கரையருகே இடர் மிகுதி. நடுக்கடலில் ஆழத்திற்குக் குறைவில்லை. புயலும் பெருங்காற்றுமே ஆங்குப் பகை. கரையை அணுகுங்காலோ, மணற்றிட்டும், நீருள் மறைந்த பாறையும், ஓதத்தின் ஏற்றமும் வற்றமும், ஆற்றுவாயின் நீரோட்டமும் ஒருங்குகூடி எதிர்க்கின்றன. பல்லாயிரம் மைல் பழுதின்றி வந்த பெருங்கலம், துறையின் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் அணிமையில் மணலேறி முறிந்துபோதலும் உண்டு. இதனால், வரும் கப்பலை எதிர்கொண்டு ஏறி, நல்வழியே உள்ளே கொணர்ந்து சேர்த்தற்கெனத் துறைமுகங்களில் தனித்தொழிலாளர் இருந்து வருகின்றனர். அவரை இக்காலத்தார் பைலட் என்பர். நம் முன்னோர் மரக்கலம் செலுத்துவோனை மீகாமன் என்றனர். துறைமுகத்து வழிகாட்டிக்கும் அப்பெயர் பொருந்துமாகலின், யாமும் இக்கட்டுரையில் அதனையே ஆள்வோம்.

இத்தொழில் மிகப் பழைமையானது. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்ளஸ் என்னும் கடற்பயண நூல், நருமதை ஆற்றின் மேலமைந்த பரிகசா என்னும் துறைமுகத்தைப் பற்றிக் கூறுகின்றது. இக்காலத்துப் பரோச் நகரமே அது. அவ்வாற்று வாயில் திட்டுகளால் நிறைந்து அயலார்க்கு அச்சம் விளைப்பது. ஆதலின் அரசன் ஊழியத்திலிருந்த உள்ளூர் மீனவர் படகேறிக் கடலுக்குள் எதிர்சென்று, வரும் மரக்கலங்களை அழைத்து வந்தனர் என்று அந்நூல் உரைக்கின்றது. ஏறக்குறைய 2000 ஆண்டு கழிந்தும் தொழிலின் சாரம் மாறவில்லை. கப்பலை அறிந்தவன் அதன் தலைவன். நீரை அறிந்தவன் மீகாமன். எவ்விடத்தில் எத்துணை ஆழம், எந்நாழிகையில் நீர் எத்திசை ஓடும், சென்ற மழைக்குப்பின் எத்திட்டு எங்கு நகர்ந்தது, கரையிலுள்ள எவ்விரு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் கலம் நடுவழியிற் செல்கின்றது என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடமாதல் வேண்டும். இவ்வறிவில் ஒரு பகுதியே ஏட்டில் அடங்குவது. எஞ்சியது கண்ணும் கையும் பல்லாண்டு பழகிப் பெறுவது. பெற்றவனிடமிருந்து அதனைப் பறித்துக்கொள்ள ஒருவராலும் இயலாது.

இத்தகைய அறிவை ஓர் அடிமைக்கு அளித்து, அவனுடைய உழைப்பைக் கொண்டு, பெயரை மட்டும் மறுத்து, என்றும் அடிமையாகவே வைத்திருக்கலாம் என்று ஒரு நாட்டார் எண்ணினர். அவ்வெண்ணம் ஓரிரவில் எவ்வாறு சிதைந்தது என்பதைக் காட்டுவது இராபர்ட் ஸ்மால்ஸ் என்பாரது வரலாறு. அதனை யாம் அறிந்த அளவிற் சுருக்கி உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கரையிலுள்ளது தென் கரோலினா மாநிலம். ஆங்குப் பியூபோர்ட் என்னும் சிறு நகரில், 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள், மக்கீ என்னும் குடும்பத்தாரது மாளிகையின் பின்புறத்திருந்த அடிமைக் குடிலில் ஸ்மால்ஸ் பிறந்தார். தாயார் பெயர் லிடியா. அடிமைத் தாய் வயிற்றிற் பிறந்த மகவும் அடிமையே என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலால் பிறந்த பொழுதே அக்குழந்தை பிறருடைய உடைமையாயிற்று.

எசமானர் ஹென்றி மக்கீ அச்சிறுவனிடம் பரிவு காட்டினார். மாளிகையின் சிற்றேவல்களைச் செய்து, அவருடன் ஊர் சுற்றி, வயல் அடிமைகள் படும் பாடு அறியாது ஸ்மால்ஸ் வளர்ந்தார். பிறிதொரு தாய் இதுகண்டு மகிழ்ந்திருப்பாள்; லிடியா அஞ்சினார். எசமானரின் பரிவு இன்றிருந்து நாளை இல்லாதொழியக்கூடியது என்பதையும், அதனை நம்பித் தன் நிலையை மறப்பவன் பெருங்கேடு அடைவான் என்பதையும் அவ்வம்மையார் நன்குணர்ந்திருந்தார். அதனால், தம் இனத்தார் வயலில் உழல்வதையும் கசையடி படுவதையும் மகன் நேரிற் காணுமாறு அவரே செய்தார் என்பர். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பித்தலைத் தென் கரோலினாச் சட்டம் 1834-ஆம் ஆண்டிலேயே தடுத்திருந்தது. தாய் அளித்த இப்பாடமே ஸ்மால்ஸ் இளமையிற் பெற்ற முதற் கல்வி.

துறைமுகமே கல்விச்சாலை

1851-ஆம் ஆண்டில், 12 வயதில், ஸ்மால்ஸ் சார்லஸ்டன் நகருக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். அடிமையைப் பிறரிடம் வேலைக்கு விட்டு, அவன் ஈட்டும் கூலியை எசமானரே பெற்றுக்கொள்ளுதல் அந்நாட்டு வழக்கம். ஸ்மால்ஸின் பங்காக வாரத்திற்கு ஒரு டாலர் கிடைத்தது. முதலில் உணவு விடுதியிற் பணியாளராகவும், பின்னர்த் தெருவிளக்கு ஏற்றுபவராகவும் இருந்த அவரைக் கடல் தன்பால் இழுத்தது. துறைமுகத்திற் சுமை ஏற்றி இறக்கினார், பாய்மரங்களுக்குக் கயிறு பூட்டினார், பாய் தைத்தார், இறுதியில் கரையோரக் கப்பல்களிற் சுக்கான் பிடிக்கும் தொழிலை எய்தினார்.

சார்லஸ்டன் துறைமுகம் எளிதான ஒன்றன்று. ஆஷ்லி, கூப்பர் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் நகரம் அமைந்துள்ளது. அவை கலந்து கடல் புகும் வாயிலுக்கு அப்பால், அக்காலத்தில் நீண்ட மணற்றிட்டு ஒன்று நீருக்கடியிற் குறுக்கே கிடந்தது. பெருங்கப்பல்கள் புகத்தக்க ஆழமுள்ள வழிகள் அதனிடையே சிலவே. அவையும் புயலாலும் நீரோட்டத்தாலும் இடம் மாறுவன. ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் நீர்மட்டம் ஏறக்குறைய 5 அடி வேறுபடும். இவையன்றி, அந்நிலப்பகுதி முழுவதும் தீவுகளும் சதுப்புகளும் உவர்நீர்க் கால்வாய்களும் பின்னிக் கிடப்பது. படிப்பதற்கு ஏடில்லாத ஸ்மால்ஸ் இந்நீர்ப்பரப்பையே ஏடாகக் கொண்டார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் பார்த்தும், நீரின் நிறம் கண்டும், அலை உடையும் இடம் குறித்தும் அவர் அதனை எழுத்தெழுத்தாகக் கற்றார்.

மீகாமனுக்குரிய அறிவனைத்தும் அவரிடம் இருந்தது. மீகாமன் செய்யும் வேலையையே அவர் செய்தும் வந்தார். ஆயினும் அப்பெயர் வெள்ளையருக்கே உரியது என்று கொண்ட அந்நாட்டார், அவரைச் சக்கரம் பிடிப்பவன் என்றே அழைத்தனர்.

1856-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் நாள், விடுதியொன்றிற் பணிபுரிந்த ஹன்னா என்னும் அடிமைப் பெண்ணை அவர் மணந்தார். 1858-ஆம் ஆண்டில் எலிசபெத் என்னும் மகள் பிறந்தாள். தாய் அடிமையாதலின் மகளும் அடிமை. மனைவியையும் மகளையும் அவர்தம் எசமானரிடமிருந்து விலைகொடுத்து மீட்க ஸ்மால்ஸ் பேசினார். விலை 800 டாலர் என்று முடிவாயிற்று. துறைமுகத்திற் சிறு வாணிகம் செய்தும், ஊதியத்தில் மிச்சம் பிடித்தும் அவர் பணம் சேர்க்கலானார். அத்தொகை நிரம்புமுன் போர் மூண்டது.

போரும் பிளாண்டர் கப்பலும்

அடிமை முறையைக் காத்தற்பொருட்டுத் தென்மாநிலங்கள் ஐக்கியத்தினின்றும் பிரிந்தன. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆம் நாள், சார்லஸ்டன் துறைமுக வாயிலிலுள்ள சம்டர் கோட்டையின்மீது தென்னாட்டார் பீரங்கி தொடுத்ததே உள்நாட்டுப் போரின் தொடக்கம். வடநாட்டுக் கடற்படை வந்து துறைமுகத்தை வெளியே நின்று முற்றுகையிட்டது. தென்னாட்டார் கலங்கரை விளக்கத்தை அவித்தனர். வடநாட்டாரோ 1861-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும், பழைய மரக்கலங்கள் பலவற்றிற் கல்லை நிரப்பி வாயில் வழிகளில் ஆழ்த்தினர். விளக்கும் இன்றி, வழியும் திரிந்து கிடந்த அந்நீரில், பழகியவர் துணையின்றி ஒரு கலமும் இயங்கல் அரிதாயிற்று. மீகாமர் அறிவு பொன்னினும் விலையுயர்ந்தது.

இந்நிலையில் ஸ்மால்ஸ், பிளாண்டர் என்னும் நீராவிக் கப்பலின் சுக்கானுக்கு அமர்த்தப்பட்டார். பருத்தி ஏற்றுதற்கெனக் கட்டப்பட்டு, இருபுறமும் துடுப்புச் சக்கரம் பூண்ட அம்மரக்கப்பலைத் தென்னாட்டுப் படையினர் தம் பணிக்கு எடுத்திருந்தனர். நீளம் 147 அடியாயினும் அது நீருள் அமிழ்வது 4 அடிக்குள்ளேயே. ஆதலாற் பெருங்கலம் புகாத கால்வாய்களிலும் அது எளிதிற் புகும். படைவீரரையும் பீரங்கிகளையும் கோட்டைக்குக் கோட்டை கொண்டுசெல்வதும், நீருள் வெடிகளைப் புதைப்பதும் அதன் பணி. கோட்டைகளைக் கடக்குங்கால் எழுப்பவேண்டிய ஊதல் முறைகளையும், வெடிகள் இருந்த இடங்களையும் ஸ்மால்ஸ் அறிந்தார். அவரை ஏவியவர்களே அவற்றையெல்லாம் அவருக்குக் காட்டினர். காண்பவனுக்கும் எண்ணம் உண்டு என்பதை அவர்கள் எண்ணவில்லை.

பிளாண்டர் தலைவர் ஓலைத்தொப்பி அணிவார். ஸ்மால்ஸும் அவரும் உயரத்தாலும் உடலமைப்பாலும் ஒத்திருந்தனர் என்பர். ஒருநாள் கப்பலோர் வேடிக்கையாக அத்தொப்பியை ஸ்மால்ஸின் தலையிற் கவிழ்த்து, இவரும் தலைவரே என்று நகைத்தனராம். அவ்வேடிக்கையினின்றே அவர் உள்ளத்தில் ஒரு திட்டம் முளைத்தது.

1862 மே 13

1862-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், கோல்ஸ் தீவிலிருந்து பெயர்த்தெடுத்த 4 பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு பிளாண்டர் சார்லஸ்டன் துறைக்குத் திரும்பிற்று. மறுநாட் காலை அவற்றை வேறோர் அரணிற் சேர்க்கவேண்டும். இரவில் அதிகாரிகள் கப்பலிலேயே தங்கவேண்டும் என்பது படைத்தலைவரின் ஆணை. அதனை மீறி, வெள்ளை அதிகாரிகள் மூவரும் கப்பலை அடிமைகளிடம் விட்டு ஊருக்குட் சென்றனர். படைத்தலைவரின் அலுவலகமோ அத்துறைக்கு மிக அருகிலேயே இருந்தது. துறையிற் காவலரும் இருந்தனர்.

ஸ்மால்ஸும் அவருடைய தோழரும் முன்னரே கலந்து முடிவு செய்திருந்தனர். அகப்பட்டால் மீளாது கப்பலை ஆழ்த்தி உயிர்விடுவது என்பதும் அம்முடிவிலொன்று. கணவர் செல்லுமிடமெல்லாம் தானும் வருவதாக ஹன்னா உறுதியளித்திருந்தார். அவர்களுக்கு மகளேயன்றிக் கைக்குழந்தையாகிய ஒரு மகனும் அப்போது இருந்தான்.

மறுநாள் விடியற்குமுன், ஏறக்குறைய 3 மணிக்கு, கொதிகலனில் தீ மூட்டினர். தென்னாட்டுக் கொடிகளை வழக்கம்போல் ஏற்றினர். தலைவரின் மேற்சட்டையை உடுத்து, அவர்தம் ஓலைத்தொப்பியை நெற்றியில் இழுத்துவிட்டு, ஸ்மால்ஸ் மேல்தளத்தில் நின்றார். கப்பல் துறையைவிட்டு நகர்ந்தது. காவலர் கண்டும் ஐயுறவில்லை.

உடனே கடலை நோக்கி விரைந்திருப்பின் அச்சம் ஓரளவு குறைந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. மற்றொரு துறையில், வேறொரு கப்பலிற் பெண்டிரும் பிள்ளைகளும் ஒளிந்து காத்திருந்தனர். முதலில் அங்குச் சென்று, அவர்களை ஏற்றிக்கொண்ட பின்னரே கலத்தைக் கடல்நோக்கித் திருப்பினார். ஆடவர், பெண்டிர், சிறார் எல்லாரும் சேர்ந்து 16 பேர்.

இனி அவர்கள் கடக்கவேண்டிய அரண்கள் ஐந்து. அவற்றுட் பெரியது சம்டர் கோட்டை. மீகாமன் திறம் அனைத்தும் ஆங்கு வேண்டப்பட்டது. மிக விரைந்து சென்றால் ஐயம் பிறக்கும். மிகத் தாமதித்தால் விடிந்து முகம் தெரிந்துவிடும். அன்றாடம் செல்லும் வழியே, அன்றாடம் செல்லும் விரைவிலேயே கலம் செல்லவேண்டும். சம்டரை அணுகிச் செல்லாது விலகிச் செல்வோம் என்று தோழர் சிலர் வேண்டினராம். ஸ்மால்ஸ் இசையவில்லை. வழக்கத்திற்கு மாறாக ஒரு பாகம் விலகினும் பீரங்கி முழங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் கோட்டைச் சுவரின் அருகிலேயே கலத்தைச் செலுத்தி, தலைவர் நிற்குமாறே கைகட்டிச் சாய்ந்து நின்று, இரண்டு நீள் ஊதலும் ஒரு குறு ஊதலும் எழுப்பினார். அப்போது மணி ஏறக்குறைய நாலரை. உள்ளே பெண்டிர் மூச்சடக்கி இறைவனை வேண்டியிருந்தனர். சிறிது நேரம் கழித்து, கடந்துபோக விடை கிடைத்தது.

பீரங்கி எட்டும் எல்லையைக் கடந்ததும் கப்பல் தன் வழக்கமான வழியை விட்டு நேரே வடநாட்டு முற்றுகைக் கப்பல்களை நோக்கி ஓடிற்று. கோட்டையிலுள்ளோர் உண்மை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. இப்பொழுது எதிரில் வேறொரு சாவு காத்திருந்தது. இருளினின்றும் பாய்ந்துவரும் தென்னாட்டுக் கப்பலைக் கண்ட ஆன்வர்ட் என்னும் வடநாட்டுக் கப்பல் சுடுதற்குப் பீரங்கியைத் திருப்பியது. கொடிகளை இறக்கி, ஹன்னா கொணர்ந்திருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினர். கதிரவனின் முதலொளியில் அவ்வெண்மை ஒரு மாலுமியின் கண்ணிற் பட்டது, பீரங்கி வாய்மூடிற்று. ஆன்வர்டின் தலைவர் பிளாண்டரில் ஏறியபோது, அதில் வெள்ளையர் ஒருவரையும் காணாது வியந்தார்.

கப்பலினும் பெரிய கொடை

ஸ்மால்ஸ் கொணர்ந்தவை ஒரு கப்பலும் சில பீரங்கிகளும் மட்டுமல்ல. குறிப்பொலி ஏடும், வெடிகள் புதைந்த இடங்களும், கோல்ஸ் தீவை எதிரி கைவிட்டான் என்னும் செய்தியும் அவருடன் வந்தன. அச்செய்தியைக் கொண்டு, ஒரு வாரத்திற்குள் வடநாட்டுப் பீரங்கிப் படகுகள் ஸ்டோனோ ஆற்றுட் புகுந்தன. கடற்படைத் தலைவர் டூபாண்ட், அவர்தம் அறிவைப் பெரிதும் மெச்சி மேலிடத்துக்கு எழுதினார். மே மாதம் 30-ஆம் நாள் காங்கிரசுச் சபை இயற்றிய சட்டத்தின்படி, கப்பலின் மதிப்பிற் பாதி அவர்களுக்குப் பரிசாயிற்று. ஸ்மால்ஸுக்கு 1,500 டாலர் கிடைத்தது. மனைவி மக்களை விலைகொடுத்து வாங்க அவர் சேர்த்த பணத்திற்கு இனி அத்தேவையில்லை. ஹன்னாவும் குழந்தைகளும் தளையற்று அவரருகே இருந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்மால்ஸ் வாஷிங்டன் சென்றார். கறுப்பு மக்களையும் படைவீரராகச் சேர்க்கவேண்டும் என்று வேண்டியோருடன் அவர் போர்த்துறைச் செயலாளர் ஸ்டாண்டனைக் கண்டார். போர்ட் ராயல் பகுதியில் 5,000 பேர் வரை படையிற் சேர்க்க அம்மாதமே ஆணை பிறந்தது.

பின்னர் அவர் வடநாட்டுக் கப்பல்களுக்கு வழிகாட்டும் மீகாமராயினார். எத்தொழிற்பெயர் தம் சொந்த ஊரில் மறுக்கப்பட்டதோ அப்பெயர் இப்போது அவர்க்குரியதாயிற்று. 1863-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள், இரும்புக்கவசக் கப்பல்கள் ஒன்பது சம்டர் கோட்டையைத் தாக்கின. அவற்றுள் கியோகக் என்னும் கப்பலின் மீகாமர் ஸ்மால்ஸ். ஏறக்குறைய 90 குண்டுகள் பட்டுத் துளைபட்ட அக்கப்பல் மறுநாட் காலை மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அவ்வாண்டு டிசம்பரில் பிளாண்டர் கடுங்குண்டு மழையிற் சிக்கியபோது, அதன் தலைவர் அஞ்சிப் பின்வாங்க, ஸ்மால்ஸ் முன்வந்து கப்பலைக் காத்தார் என்பர். சரண் புகுந்தால் கறுப்பு மாலுமிகள் போர்க் கைதிகளாக நடத்தப்படார் என்பதை அவர் அறிந்திருந்தார். அதன்பின் பிளாண்டருக்கு அவரே தலைவராயினார்.

1864-ஆம் ஆண்டில் கப்பல் பழுதுபார்த்தற்காகப் பிலடெல்பியா நகர் சென்றது. ஸ்மால்ஸ் அங்கு ஆசிரியரைக் கொண்டு எழுத்துக் கற்கலானார். அப்போது அவர்க்கு வயது 25. அந்நகரின் டிராம் வண்டியில் ஒருநாள், இருக்கையை விட்டு எழுந்து வெளித்தட்டில் நிற்குமாறு அவரைப் பணித்தனர். கடற்போர் கண்ட அவ்வீரர் வண்டியை விட்டிறங்கி நடந்தார். இச்செய்தி பரவி ஊராரை நாணச் செய்தது; டிராம் வண்டிகளில் இனவேற்றுமை பாராட்டலைத் தடுக்கும் சட்டம் 1867-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது.

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள், சம்டர் கோட்டையில் ஐக்கியக் கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. அவ்விழாவைக் காண வந்த கலங்களுள் பிளாண்டரும் ஒன்று. விடுதலை பெற்ற மக்கள் அதிற் கூட்டங்கூட்டமாக ஏறியிருக்க, ஸ்மால்ஸ் அதனைச் செலுத்தினார். மூன்றாண்டுகட்குமுன் தொப்பியால் முகம் மறைத்துக் கடந்த அதே கோட்டை வாயிலில், இப்போது பட்டப்பகலில் முகம் தெரிய நின்றார்.

பொதுவாழ்வு

போரினிடையே பியூபோர்ட்டில் வரி செலுத்தப்படாத மாளிகைகள் ஏலத்திற்கு வந்தன. அவற்றுள், தாம் எதன் பின்புறத்திற் பிறந்தாரோ அம்மக்கீ மாளிகையையே ஸ்மால்ஸ் வாங்கினார். பின்னாள் உடைமையாளர் அதனை மீட்க வழக்கிட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று ஸ்மால்ஸுக்கே வீடு உரியதாயிற்று. பழைய எசமானரின் மனைவியார் முதுமையில் நினைவு தடுமாறி அவ்வீட்டுக்கு வந்தபோது, அவரைத் துரத்தாது ஆதரித்தார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். தாய் லிடியாவும் அம்மாளிகையில் மகனுடன் வாழ்ந்தார்.

1868-ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு வகுக்கக் கூடிய மன்றத்தில் ஸ்மால்ஸ் ஓர் உறுப்பினர். மாநிலச் சிறார் அனைவர்க்கும் இலவசமாகக் கட்டாயக் கல்வி அளிக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கொணர்ந்தார். எழுத்து மறுக்கப்பட்டு வளர்ந்தவர் அதன் அருமையை அறிந்தார் என்பதில் வியப்பில்லை. பின்னர் மாநிலச் சட்டசபையிலும், 1875 முதல் 1887 வரை இடையிடையே ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் சபையிலும் அவர் உறுப்பினராயிருந்தார்.

அவர் வாழ்வு இடரற்றதன்று. 1877-ஆம் ஆண்டில் கையூட்டுப் பெற்றதாக வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1879-இல் மாநிலத் தலைவர் மன்னிப்பு அளித்தார். அரசியற் பகைமையால் எழுந்த வழக்கே அது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தேர்தற் காலங்களில் ஆயுதக் கூட்டத்தார் அவரையும் அவரைச் சார்ந்தோரையும் அச்சுறுத்தினர். 1895-ஆம் ஆண்டில் கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பறித்தற்கென்றே மீண்டும் ஓர் அரசியலமைப்பு மன்றம் கூடியது. அதில் கறுப்பினத்தார் அறுவரே. அவருள் ஸ்மால்ஸும் ஒருவர். தோல்வி உறுதியென்று தெரிந்தும் அவர் எழுந்து வாதாடினார். முடிவில் அப்புதிய அமைப்பிற் கையெழுத்திட மறுத்தார். தாம் அமைத்தவை பல தம் கண்முன்னே இடிவதைக் கண்ட துயரம் அவர்க்கு முதுமையில் வாய்த்தது.

1889 முதல் 1913 வரை, சில ஆண்டுகள் நீங்கலாக, பியூபோர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக இருந்தார். ஆகவே இறுதிப் பணியும் துறைமுகப் பணியே. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள், 75-ஆம் வயதில், ஸ்மால்ஸ் உயிர் நீத்தார். எம்மாளிகையின் பின்குடிலில் அடிமையாகப் பிறந்தாரோ அம்மாளிகையிலேயே அதன் உரியவராக இறந்தார். அவருடல் அவ்வூர்த் தபெர்னக்கிள் பாப்டிஸ்டுத் திருச்சபை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

பிளாண்டர் கப்பல் 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தரைதட்டிய பிறிதொரு கலத்தை இழுத்து மீட்க முயன்றபோது தானே தரைதட்டிச் சிதைந்தது. மீகாமன் கையில் வாழ்ந்த கப்பல் பிறர்க்கு உதவப் புகுந்து மாண்டது அதற்கேற்ற முடிவே எனலாம். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையார் தம் போர்க்கப்பல் ஒன்றிற்கு இராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் பெயரைச் சூட்டினர். அக்கப்பல் அதற்குமுன் தாங்கியிருந்தது சான்சலர்ஸ்வில் என்னும் பெயர்; அது 1863-ஆம் ஆண்டில் தென்னாட்டார் வென்ற ஒரு போர்க்களத்தின் பெயர்.

இவ்வரலாற்றிலிருந்து மாணவராகிய நாம் உணரத்தக்கது யாது? ஸ்மால்ஸின் உடல் பிறர்க்குரியதாயிருந்தது, கூலி பிறர்க்குரியதாயிருந்தது, தொழிற்பெயரும் மறுக்கப்பட்டது. அவர் கற்றது மட்டும் அவருடையதாயிருந்தது. எவர் பொருட்டுக் கற்கும்படி ஏவப்பட்டாரோ அவராலும் அதனைத் திரும்பப் பெற முடியவில்லை. கல்வியின் அழியாமையை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகின்றோம்; அதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் மீகாமன் அறிவிற்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது தனக்கென்று மட்டும் பயன்படுவதன்று. கலத்தில் ஏறியோர் அனைவரையும் கொண்டே அது கரைசேரும். மே மாதத்து அவ்விருளில், ஒவ்வொரு நொடியும் உயிர்விலை பெற்றிருந்த வேளையில், கடலுக்கு எதிர்த்திசையிற் கப்பலைத் திருப்பி, காத்திருந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் முதலில் ஏற்றிக்கொண்டார் அன்றோ? வழியறிந்தோர் செய்யத்தக்கது அதுவே. அதனைச் செய்தவரை மீகாமன் என்று அழைக்க அவ்வூரார் மறுத்தனர். நாம் அப்பெயராலேயே அவரை நினைவு கூர்வோமாக.